தூதரகத்தில் பணிபுரிபவர்கள் நாள் முழுவதும் என்னதான் செய்கிறார்கள்?

#1 வைகைக்கரை

அவையோருக்கு வணக்கம். என் அக்காள் மகள் குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். பணி விருப்ப வரிசையில் இந்திய வெளியுறவுப் பணியை முதலாவதாகக் குறித்திருக்கிறாள் என்பது போன வாரம்தான் வீட்டாருக்குத் தெரிய வந்தது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. "மாவட்ட ஆட்சியர் என்றால் மனு வாங்குவார், வெள்ளம் வந்தால் முழங்கால் தண்ணீரில் நிற்பார், அவர் செய்வது கண்ணுக்குத் தெரியும். அயல்நாட்டில் கோட்டு அணிந்து விருந்து சாப்பிடுவதற்கா இத்தனை ஆண்டுகள் கண்விழித்துப் படித்தாய்?" என்று அவள் தந்தை கேட்கிறார். அவளும் பதிலுக்கு உலக அரசியல், ஐ.நா. சபை என்று பேசுகிறாளே ஒழிய, ஒரு தூதரக அதிகாரி காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர் மேசையில் என்ன இருக்கும் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. தாய்மாமன் என்ற முறையில் சமரசப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த வட்டாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். விருந்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள்.

#2 பழுப்புக்கோப்பு

நான் வெளியுறவுப் பணி அதிகாரி அல்லன். டெல்லியில் அமைச்சகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்தொரு ஆண்டுகளில் ஆறு நாடுகளின் தூதரகங்களில் கோப்பு சுமந்து ஓய்வு பெற்றவன். மேல்மாடியைக் கீழ்த்தளத்தில் இருந்து பார்த்தவனின் கணக்கு இது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். தூதரகம், உயர் ஆணையம் (காமன்வெல்த் நாடுகளில் தூதரகத்துக்கு அந்தப் பெயர்), துணைத் தூதரகம் எல்லாம் சேர்த்து இந்தியாவுக்கு வெளிநாடுகளில் இருநூறை ஒட்டிய அலுவலகங்கள் இருக்கின்றன. வெளியுறவுப் பணி அதிகாரிகளோ, டெல்லியில் இருப்பவர்களையும் சேர்த்து, ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். வாஷிங்டன், லண்டன் போன்ற ஊர்களில் அரசியல், வணிகம், பண்பாடு, ஊடகம், நிர்வாகம் என்று பிரிவுக்கு ஓர் அதிகாரி இருப்பார். முப்படைகளின் இணைப்பு அதிகாரிகள் வேறு. ஆனால் நான் பணியாற்றிய ஆப்பிரிக்கத் தலைநகர் ஒன்றில் தூதர், ஓர் இரண்டாம் செயலர், இந்தியாவில் இருந்து சென்ற நாங்கள் நான்கு பேர், உள்ளூரில் அமர்த்திய ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், காவலர், இவ்வளவுதான் மொத்தத் தூதரகமும். அந்த இரண்டாம் செயலருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். காலையில் விசா விண்ணப்பங்களில் கையொப்பமிடுவார். பதினொரு மணிக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்குப் போய், ஐ.நா. அமைப்பு ஒன்றின் தேர்தலில் இந்தியாவுக்கு வாக்குக் கேட்கும் குறிப்பை நேரில் கொடுத்துவிட்டு வருவார். பிற்பகலில் ஐடெக் திட்டத்தின்கீழ் இந்தியாவுக்குப் பயிற்சிக்குச் செல்லும் அந்நாட்டு அலுவலர்களின் பட்டியலைச் சரிபார்ப்பார். (1964-இல் தொடங்கிய திட்டம் அது. பல சிறிய நாடுகளில் இந்தியாவைப் பற்றி நல்ல சொல் சொல்பவர் யார் என்று தேடிப் போனால், அதில் படித்துத் திரும்பிய ஓர் இடைநிலை அதிகாரி அகப்படுவார்.) மாலையில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று நான் போய் நிற்பேன். டீசல் வாங்கும் கோப்பிலும் அவர்தான் கையொப்பமிட வேண்டும்.

விருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். உண்டு, நிறையவே உண்டு. ஒவ்வொரு நாட்டின் தேசிய நாளுக்கும் ஒரு வரவேற்பு நடக்கும். கால்கடுக்க நின்று, ஒரே பழச்சாற்றை இரண்டு மணி நேரம் கையில் ஏந்திக்கொண்டு, யார் வந்தார், யார் வரவில்லை, எந்த அமைச்சர் எந்தத் தூதரோடு ஓரமாக ஒதுங்கிப் பேசினார் என்பதைக் கவனித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்துக்குத் திரும்பி அதை எழுதி டெல்லிக்கு அனுப்புவார்கள். பகலில் சந்திக்க நேரம் கேட்டால் மூன்று வாரம் இழுத்தடிக்கும் ஒரு துறைச் செயலரிடம், அங்கே சமோசாத் தட்டின் அருகில் நான்கு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும்.

எழுதி அனுப்புவது என்றேனே, அவர்கள் உழைப்பில் பெரும் பகுதி அதற்குத்தான் போகிறது. 1946 பிப்ரவரியில் மாஸ்கோவில் இருந்து ஜார்ஜ் கென்னன் என்ற அமெரிக்க அதிகாரி அனுப்பிய நீண்ட தந்தி, சோவியத் நாட்டைக் குறித்த அமெரிக்கக் கொள்கையையே வடிவமைத்தது என்பார்கள். நான் தட்டச்சு செய்த அறிக்கைகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. நிலக்கடலை விளைச்சல் குறைந்தது, துறைமுகத் தலைவர் மாற்றப்பட்டார், எதிர்க்கட்சித் தலைவர் ஒரு மாதமாக வெளியே தலைகாட்டவில்லை என்று போகும். பத்தில் ஒன்பதை டெல்லியில் யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். ஆனால் துறைமுகத் தலைவர் மாறியதை நாங்கள் எழுதிய மறு மாதம், இந்தியாவில் இருந்து சென்ற அரிசிக் கப்பல் ஒன்று சரக்கை இறக்க முடியாமல் நின்றது. யாரிடம் பேச வேண்டும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்திருந்தது.

#3 சட்டப்புத்தகம்

இழையின் தெளிவுக்காக ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட விரும்புகிறேன். நாம் எல்லாவற்றையும் "தூதரகம்" என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான உறவைப் பற்றியது. தன் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வது, நலன்களைக் காப்பது, பேச்சுவார்த்தை நடத்துவது, அந்நாட்டின் நிலைமைகளைச் சட்டத்துக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் அறிந்து தாய்நாட்டுக்குத் தெரிவிப்பது, நட்புறவை வளர்ப்பது ஆகியவற்றை அதன் 3-ஆம் பிரிவு தூதரகத்தின் பணிகளாகச் சொல்கிறது. பழுப்புக்கோப்பு ஐயா வரவேற்பில் பார்த்து எழுதியதாகச் சொல்வது இதில் அடங்கும். "சட்டத்துக்கு உட்பட்ட" என்ற சொற்கள்தான் தூதரக அதிகாரியை ஒற்றனிடம் இருந்து பிரிக்கின்றன. அந்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்று அந்நாடு கருதினால், 9-ஆம் பிரிவின்படி காரணம் எதையும் சொல்லாமலே அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

1963-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் வேறு. பாஸ்போர்ட், பிறப்பு இறப்புப் பதிவு, ஆவணச் சான்றொப்பம், சிறையில் இருக்கும் தன் நாட்டவரைச் சந்திப்பது போன்ற குடிமக்கள் சார்ந்த பணிகளை அது வரையறுக்கிறது. பாகிஸ்தானில் ஒற்றர் என்று மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், பாகிஸ்தான் மீறியதாகச் சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது, கைதானவரைச் சந்திக்கும் உரிமை பற்றிய இதன் 36-ஆம் பிரிவைத்தான். இந்த இரண்டு ஒப்பந்தங்களின்கீழ் வரும் இரண்டு வகை அதிகாரிகளுக்கும் கிடைக்கும் பாதுகாப்பும் ஒன்றல்ல. முதல் வகையினரைக் கைது செய்யவே முடியாது. இரண்டாம் வகையினரைக் கடுமையான குற்றத்துக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் கைது செய்யலாம். அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே அவர்களுக்கு விலக்கு உண்டு. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ஒருவர் கைதானபோது, இந்தியா அவரை அவசர அவசரமாக ஐ.நா.வுக்கான நிரந்தரத் தூதுக்குழுவுக்கு மாற்றியதன் காரணம் இந்த வேறுபாடுதான்.

#4 வளைகுடாவாசி

சட்டம் படிக்க நன்றாக இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக வளைகுடாவில் இருப்பவன், ஓய்வு நேரத்தில் நம் ஆட்களின் ஆவண வேலைகளுக்கு அலைபவன் என்ற முறையில் அதன் மறுபக்கத்தை எழுதுகிறேன். நாட்டின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன்.

எங்கள் முகாமில் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் வியாழக்கிழமை இரவு தூக்கத்திலேயே இறந்துபோனார். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. தூதரகத்தின் அவசர எண்ணை அந்த இரண்டு நாளும் நாங்கள் மாறி மாறி அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போனால், டோக்கன் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தவர்களோடு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். இறந்தவரின் வேலைக்காக வந்திருக்கிறோம் என்று நான்கு முறை சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை.

ஓர் உடல் ஊருக்குப் போக என்னென்ன வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனையின் அறிவிப்பு, காவல்துறை அறிக்கை, அந்நாட்டு இறப்புச் சான்றிதழ், நிறுவனத்தின் கடிதம், சம்பளப் பாக்கியும் பணிக்கொடையும் எவ்வளவு என்ற கணக்கு ஆகியவை முதலில் சேர வேண்டும். இவற்றோடு, வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் ஊரில் இருந்து வர வேண்டும். இவற்றைப் பார்த்த பிறகு தூதரகம் இறப்பைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழைத் தரும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வெளியேறும் முத்திரை விழும். அதன்பின் உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, விமானச் சரக்குப் பிரிவில் முன்பதிவு, திருச்சியிலோ சென்னையிலோ பெற்றுக்கொள்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும். இதில் ஒரு தாள் தவறினால் வண்டி அங்கேயே நிற்கும்.

எங்கள் வழக்கில் நின்றது முன்னெழுத்தில். நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தைப் போட்டுப் பழகியவர்கள். பாஸ்போர்ட்டிலோ அது விரிந்து முழுப் பெயராகிவிடும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், நிறுவனத்தின் ஏட்டில் மூன்றாவதாக ஒரு பெயர் என்று இருந்ததால், மூவரும் ஒருவரே என்று வட்டாட்சியரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். உடல் ஊர் சேர இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவில் இருந்த ஓர் இளம் அதிகாரி, ராஜஸ்தான்காரர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர், எங்கள் கஃபீலின் (விசாவுக்குப் பொறுப்பான உள்ளூர் முதலாளி) அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் வந்து உட்கார்ந்தார். நிறுவனம் பணிக்கொடை தர மறுத்தது. கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று அந்த அறையிலேயே காத்திருந்து வாங்கிக் கொடுத்தார். தொலைபேசியை எடுக்காததும் அதே அலுவலகம், இவர் இருந்ததும் அதே அலுவலகம்.

#5 பழுப்புக்கோப்பு

வளைகுடாவாசி அவர்களுக்கு: தொலைபேசியை எடுக்காததற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அவசர எண்ணை ஒருவர் இருபத்து நான்கு மணி நேரமும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முறைப் பணியாளர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

சம்மதக் கடிதத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்புக்கு மட்டும் காரணம் இருக்கிறது. உடலை அங்கேயே அடக்கம் செய்யலாம் என்று ஒரு சகோதரர் எழுதிக் கொடுத்து, பிறகு மனைவி "நான் முகத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டு அழுத சம்பவத்தில் நான் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் எல்லா வாரிசுகளின் கையொப்பமும் இல்லாமல் ஒரு கோப்பையும் நான் மேலே அனுப்பியதில்லை.

செலவை ஏற்க வேண்டியவர் பெரும்பாலும் முதலாளிதான். அவர் தட்டிக் கழித்தால், 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமுதாய நல நிதியில் இருந்து தூதரகமே செலுத்தலாம். புகாரை 2015 முதல் மதத் என்ற இணையதளத்திலும் பதியலாம்; நேரில் கெஞ்சுவதைவிட அதில் ஓர் எண் விழுந்துவிட்டால் மேலே இருப்பவர் விடை சொல்லியாக வேண்டியிருக்கும். உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் விதிகளைச் சவூதியில் 2013-இல் இறுக்கி, ஆவணம் இல்லாதவர்களுக்கு நாடு திரும்பக் கெடு கொடுத்தபோது, அவசரச் சான்றிதழ் (பாஸ்போர்ட் இல்லாதவர் நாடு திரும்புவதற்கான தாள்) எழுத எழுத்தர்கள் போதாமல் அதிகாரிகளின் மனைவிமாரும் உட்கார்ந்து படிவம் நிரப்பியதாகச் சக ஊழியர்கள் சொல்வார்கள். 2016-இல் கட்டுமான நிறுவனங்கள் சம்பளம் தராமல் முடங்கியபோது, ஜித்தா துணைத் தூதரகம் முகாம்களுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பியது.

தூதரகத்தால் முடியாதவையும் உண்டு. அந்நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்ற முடியாது. தனியார் கடனை அடைக்க முடியாது. ஒருவரைச் சிறையில் இருந்து வெளியே கொண்டுவரவும் முடியாது. சந்திக்கலாம், வழக்கறிஞரை அமர்த்தலாம், மன்னிப்புக் கோரிக் கடிதம் எழுதலாம். கவுண்டரில் உட்கார்ந்தவன் வாங்கும் வசவில் பெரும்பங்கு இந்த முடியாதவற்றுக்காகத்தான்.

#6 பின்னலாடை

திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். தூதரகத்தின் வணிகப் பிரிவோடு எனக்கு ஒரே ஓர் அனுபவம். ஐரோப்பிய இறக்குமதியாளர் ஒருவர், சாயம் போய்விட்டது என்று சொல்லி, இரண்டு கன்டெய்னர் பனியன்களுக்கான பணத்தை நிறுத்திவிட்டார். அங்குள்ள நம் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், நம்பிக்கையோடு அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் பதில் வந்தது. அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்ததாகவும், நிறுவனப் பதிவேட்டைப் பார்த்ததில் அது திவால் நடவடிக்கையில் இருப்பதாகவும், கடன்காரர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கக் கடைசி நாள் இன்னது என்றும் எழுதி, உள்ளூர் வழக்கறிஞர்களின் பட்டியலையும் இணைத்திருந்தார்கள். பணத்தில் கால் பங்குகூட வரவில்லை. ஆனால் அதே ஆளுக்கு மூன்றாவது கன்டெய்னரை ஏற்றி அனுப்பாமல் தப்பித்தேன்.

#7 தர்க்கவாதி

எல்லோரும் மனம் நெகிழ எழுதுகிறீர்கள். ஆனால் கேள்வி திசைமாறிவிட்டது என்று நினைக்கிறேன். இறப்புப் பதிவும் சான்றொப்பமும் தேவையான வேலைகள்தாம், மறுக்கவில்லை. அவற்றைச் செய்ய நாட்டின் மிகக் கடினமான தேர்வில் முன்னணியில் வந்த ஒருவர் எதற்கு? நல்ல வட்டாட்சியர் ஒருவரை அனுப்பினால் போதாதா? ராஜதந்திரம் என்பது பேச்சுவார்த்தை. கடல் சட்டத்துக்கான ஐ.நா. மாநாடு 1973-இல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் நடந்தது. இலங்கையின் ஷெர்லி அமரசிங்க தலைமை வகித்தார். 1980-இல் அவர் மறைந்த பின் சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்று 1982-இல் முடித்துவைத்தார். கரையில் இருந்து 200 கடல் மைல் வரை மீனுக்கும் எண்ணெய்க்கும் யாருக்கு உரிமை என்பதை அந்த அறைகளில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். இத்தகைய மாநாடுகளில் உடன்பாடு எட்டாத சொற்களை வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பார்கள். ஓர் அடைப்புக்குறியை நீக்குவதற்காக விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். "வேண்டும்" என்பதா, "வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறது" என்பதா என்ற சண்டையில் ஒரு நாட்டின் இருபது ஆண்டுச் செலவு அடங்கியிருக்கும். வைகைக்கரை அவர்களின் மருமகள் போக வேண்டியது அந்த அறைக்கு. கவுண்டருக்கு அல்ல.

#8 பருத்தித்துறை

தர்க்கவாதி அவர்கள் கடல் சட்டத்தை இழுத்ததால், அந்தச் சட்டம் வந்து இறங்கும் கரையில் இருந்து எழுதுகிறேன். பாக்கு நீரிணையில் 200 கடல் மைலுக்கு இடமே இல்லை. அங்கே கோடு 1974-ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையில் போடப்பட்டது. அந்தக் கோட்டைத் தாண்டி வரும் இராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்து இழுவைப் படகுகளைக் கடற்படையினர் பிடித்தால், அவர்களைக் கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைத்து ஊர்காவற்றுறை, பருத்தித்துறை போன்ற நீதிமன்றங்களில் நிறுத்துவார்கள். விளக்கமறியலில் (விசாரணைக் காவலில்) வைக்கப்பட்டவர்களைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்து அதிகாரிகள் சிறைச்சாலைக்கு வருவார்கள். 2010-இல் திறக்கப்பட்ட அலுவலகம் அது. மாற்றுடை, சவர்க்காரம் கொடுப்பது, வீட்டாரோடு பேச ஏற்பாடு செய்வது, சட்டத்தரணியை அமர்த்துவது, விடுதலையான பின் கொழும்புக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. மீனவரிடம் கடவுச்சீட்டு ஏது? அவசரச் சான்றிதழ் எழுதித்தான் சென்னைக்கு விமானம் ஏற்ற வேண்டும்.

அதே அலுவலகத்தின் வாசலுக்கு எங்கள் வடபகுதிக் கடற்றொழிலாளர் சங்கங்களும் மகஜரோடு போகின்றன. எங்கள் வலைகளை அந்த இழுவைமடிகள் அறுத்துக்கொண்டு போகின்றன. போர்க்காலம் முழுவதும் கடலுக்குப் போகத் தடைபட்டிருந்து, மீண்டும் தொழிலைத் தொடங்கியவர்களின் வலைகள் அவை. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாலேயே தடை செய்தது. காலையில் சிறையில் தன் நாட்டு மீனவருக்குச் சாரம் (லுங்கி) கொடுத்துவிட்டு வரும் அதிகாரி, மாலையில் வலை இழந்த எங்கள் ஆட்களின் மகஜரை வாங்கிக்கொண்டு, இரண்டையும் கொழும்பில் உள்ள உயர்ஸ்தானிகராலயத்துக்கு (நீங்கள் உயர் ஆணையம் என்பது) எழுத வேண்டும். இரு பக்கமும் தமிழில்தான் திட்டுவோம் என்பதால் மொழிபெயர்ப்பாளரின் பின்னால் ஒளியவும் வழியில்லை. கவுண்டர் ஒன்று, பேச்சுவார்த்தை அறை வேறொன்று என்று தர்க்கவாதி பிரிக்கிறார். இரு நாட்டு அதிகாரிகளின் கூட்டுப் பணிக்குழு மேசைக்கு வரும்போது அங்கே விரிக்கப்படுவது இந்தச் சிறையிலும் இந்த வாசலிலும் எழுதப்பட்ட தாள்கள்தாம். வட்டாட்சியரை அனுப்புங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர் எழுதுவதைப் படித்து இரு அரசுகளும் நடக்கும் என்பதை அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

#9 தர்க்கவாதி

ஏற்றுக்கொள்கிறேன், ஓரளவுக்கு. யாழ்ப்பாணம் ஒரு விதிவிலக்கு என்று இன்னும் நினைக்கிறேன். எல்லாத் துணைத் தூதரகங்களிலும் கவுண்டருக்கும் கொள்கைக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரம் இருக்காது.

#10 மூட்டைமுடிச்சு

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு வெளியுறவுப் பணி அதிகாரியின் மனைவியாக எட்டு வீடுகளைக் கட்டிப் பிரித்தவள் எழுதுகிறேன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும் என்று வெளியே சொன்னால் அது பயண அனுபவம் போலத் தோன்றும். என் மகன் பத்தாம் வகுப்புக்குள் ஐந்து பள்ளிகளில், மூன்று பாடத்திட்டங்களில் படித்தான். நான் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவள். முதல் மாற்றலிலேயே வேலையை விட்டேன், அதன்பின் எந்த நாட்டிலும் வேலை செய்ய எனக்கு விசா அனுமதிக்கவில்லை. சில நாடுகளோடு அதற்கு உடன்பாடு இருக்கிறது. நாங்கள் போன நாடுகளோடு இல்லை. மாமனார் இறந்தபோது என் கணவர் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. அந்த வாரம் அமைச்சர் ஒருவரின் வருகை. வருகை என்றால் விமான நிலையத்தில் எத்தனை வாகனம், எந்த அறையில் யார், யாருக்குப் பூண்டு ஆகாது, கூட்டறிக்கையின் எந்தப் பத்தி இன்னும் முடியவில்லை என்பதெல்லாம் ஒரே ஆளின் குறிப்பேட்டில் இருக்கும்.

உங்கள் மருமகள் ஒரு பெண் என்பதால் இன்னொரு செய்தி. சென்னையில் படித்த சி.பி.முத்தம்மா 1949-இல் இந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண். பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்று அப்போது விதி இருந்தது. ஆண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனாலும் 1979-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்து, அவற்றைச் சீர்திருத்தச் சொல்லி எழுதினார். இன்று அந்த விதி இல்லை. கணவனும் மனைவியும் இருவரும் இதே பணியில் இருந்து, ஒரே ஊரில் இடம் கிடைக்காமல் இரண்டு கண்டங்களில் குடும்பம் நடத்துபவர்களை எனக்குத் தெரியும். பெண்ணிடம் இப்போதே சொல்லிவையுங்கள், பயமுறுத்துவதற்காக அல்ல.

#11 சட்டப்புத்தகம்

யாரும் குறிப்பிடாத ஒன்று, ஆபத்து. 1984-இல் பர்மிங்ஹாமில் இந்தியத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரே கடத்திக் கொல்லப்பட்டார். 2008 ஜூலை 7 அன்று காபூல் இந்தியத் தூதரக வாயிலில் நடந்த குண்டுவெடிப்பில் வெளியுறவுப் பணி அதிகாரி வி.வெங்கடேஸ்வர ராவும் பிரிகேடியர் ஆர்.டி.மேத்தாவும் உயிரிழந்தனர். விசாவுக்காக வெளியே வரிசையில் நின்ற ஆப்கானியர் பலரும் அதில் மாண்டனர்.

#12 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இழையை அச்செடுத்து இருவரிடமும் கொடுத்தேன். மருமகள் பருத்தித்துறை அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தாள். அவள் தந்தை வளைகுடாவாசியின் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் அங்கேயே அடக்கமானவர். இப்போது விவாதம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. முதலில் எங்கே அனுப்புவார்கள், மொழியை அவளே தேர்ந்தெடுக்கலாமா, சித்திரைத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மதுரைக்கு வர முடியுமா என்று தந்தை கேட்கிறார். கடைசிக் கேள்வியை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

#13 பழுப்புக்கோப்பு

தேர்ச்சி பெற்றால் முதலில் முசோரியில் அடிப்படைப் பயிற்சி. பிறகு டெல்லியில் வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம். இப்போது அதற்குச் சுஷ்மா ஸ்வராஜ் பெயர் வைத்திருக்கிறார்கள். இடையில் ஒரு மாவட்டத்திலும் படைப் பிரிவு ஒன்றிலும் சில நாள் இருக்க வேண்டும். அதன்பின் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். அரபு, சீனம், ரஷ்யம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் போன்றவற்றில் விருப்பத்தைக் கேட்பார்கள். தர வரிசையும் அமைச்சகத்தின் தேவையும் சேர்ந்து முடிவு செய்யும். முதல் நியமனம் அந்த மொழி பேசும் நாட்டில், மூன்றாம் செயலராக. அரபு என்றால் கெய்ரோ, சீனம் என்றால் பெய்ஜிங் என்று பெரும்பாலும் அமையும். மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். எனக்குத் தெரிந்த ஒருவர் அரபு கிடைத்ததற்காக அழுதார். பின்னாளில் வளைகுடாவில் சிறை அதிகாரிகளோடு அவர்கள் மொழியிலேயே பேசி, மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆகும் சந்திப்பு அனுமதியை மறுநாளே வாங்கிவிடுவார்.

திருவிழா விஷயத்தில் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தூதரகங்களுக்கு விடுமுறைப் பட்டியல் அந்தந்த நாட்டை ஒட்டி அமையும். மீனாட்சி கல்யாணத்துக்கு அதில் இடம் இருக்காது. குடியரசு நாளும் சுதந்திர நாளும் உலகமெங்கும் நம் தூதரகங்களுக்கு விடுமுறைதான், ஆனால் அன்றைக்குத்தான் அவள் காலை ஏழு மணிக்கே போய்க் கொடிக்கம்பத்தின் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலிகளையும் லட்டுப் பெட்டிகளையும் எண்ண வேண்டியிருக்கும். லட்டு கட்டாயம் குறையும். பத்து விழுக்காடு கூடுதலாகச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.